வீட்டோடு பாடப் போகும் போட்டி: ஸ்காட்லாந்தின் ‘மோட்’



‘கேலிக்’ என்று ஒரு மொழி இருக்கிறது. பேரைக் கேட்டதும் சிரிக்காதீங்க, கேலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் பல நூற்றாண்டுகளாகப் பேசிவரும் மொழி அது. அந்த ஊர்க்காரங்க ‘காலிக்’ என்று உச்சரிப்பார்கள். ஆங்கிலத்தின் கொச்சை வடிவம் என்று நினைத்துவிட வேண்டாம். அது தனி மொழி, அயர்லாந்து மொழிக்கு உடன்பிறந்தது. அதன் எழுத்துகள் 18 மட்டுமே.

இந்த மொழியைக் காப்பாற்ற 1891-இல் ஓபன் என்ற கடற்கரை ஊரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருடமே, 1892-இல், அதே ஊரில் பாட்டுப் போட்டி வைத்தார்கள். அதன் பெயர்தான் ‘மோட்’. மோட் என்றால் சபை, கூட்டம் என்று அர்த்தம். இன்றும் ஒவ்வொரு அக்டோபரிலும் வேறு வேறு ஊரில் நடக்கிறது. உலகப் போர்க் காலத்தில் நடக்கவில்லை. 2020-இல் கொரோனாவால் தள்ளிப்போய், இன்வர்னஸ் நகரில் 2021-இல் நடந்தது.

சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள், இருவர் பாட்டு, சேர்ந்திசை என்று ஏகப்பட்ட பிரிவுகள் உண்டு. அதனால் ஒரே வீட்டில் பொண்ணு ஒரு மேடையில், அப்பா சேர்ந்திசைக் குழுவில், அத்தை தனிப்பாட்டில் என்று குடும்பமே கிளம்பிப் போவது அங்கே சகஜம். மரபுப் பாட்டுப் பிரிவுகளில் பக்கவாத்தியம் கிடையாது. வெறும் குரல்தான். ராகம் தப்பினால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை!

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் மதிப்பெண் போடும் முறை. இசைக்கு ஒரு நடுவர், மொழிக்குத் தனியாக ஒரு நடுவர். குரல் தேனாக இருந்தாலும் உச்சரிப்பு சரியில்லை என்றால் மார்க் போய்விடும். நம்ம பள்ளிப் பாட்டுப் போட்டியிலும் ல, ள, ழ-வுக்கு ஒரு நடுவர் வைத்தால் எத்தனை பேர் தேறுவோமோ?

பாட்டுகளிலும் பல வகை. கம்பளித் துணியை நெய்த பிறகு அது இறுகி மெத்தென்று ஆவதற்காக, பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஈரத்துணியை ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். (அந்தக் காலத்தில் துணியை ஊறவைத்தது பழைய சிறுநீரில். மூக்கைப் பிடிக்காதீங்க!) அந்த அடிக்குத் தாளமாக ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். பின்பாட்டில் அர்த்தமில்லாத அசைகளே நிறைய வரும், நம்ம நடவுப் பாட்டில் ‘ஏலேலோ’ வருகிற மாதிரி. துணி அடிக்கும் வேலை போய்விட்டது. பாட்டு மேடைக்கு வந்துவிட்டது. இன்னொரு வகை ‘வாய் மெட்டு’. ஆடுவதற்கு வாத்தியம் இல்லாதபோது வாயாலேயே மெட்டுப் போடுவது. வேகமாகப் பாட வேண்டும், மூச்சு வாங்கக்கூட நேரம் இருக்காது.

பாட்டுப் போட்டிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். 1872-இல் வந்த கல்விச் சட்டத்தில் இந்த மொழிக்கு இடமே இல்லை. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அடி வாங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். 1985-இல்தான் இந்த மொழிவழி வகுப்புகள் பள்ளிகளில் தொடங்கின. அதனால் சில வீடுகளில் பாட்டிக்கு மொழி தெரியும், பேத்திக்குத் தெரியும், நடுவில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட அம்மாக்களுக்காகவே மோட்டில் ‘கற்பவர்’ பிரிவு தனியாக இருக்கிறது. மகள் திருத்த, அம்மா பாட வேண்டியதுதான்.

2011 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் இதைப் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 57,000 பேர். 2022-இல் சுமார் 69,000. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் மொழியின் சொந்த வீடான மேற்குத் தீவுகளில் அதே காலத்தில் பேசுவோரின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நகரத்தில் படித்துக் கற்பவர்கள் கூடுகிறார்கள், தீவில் அடுப்படியில் பேசுபவர்கள் குறைகிறார்கள். பதக்கத்துக்காகப் பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு, ‘உப்பை எடு’ என்று சொல்லத் தெரியாவிட்டால் என்ன பிரயோசனம் என்பது என் கருத்து. ஆனாலும் பாட்டை விட்டால் சிலருக்கு மொழிக்குள் நுழைய வேறு வாசலும் இல்லை.

இனி ஒரு குட்டிப் பாடம். நண்பனிடம் ‘எப்படி இருக்கே’ என்று கேட்க, ‘கிமர் அ ஹா ஊ’. பாட்டியிடம் ‘எப்படி இருக்கீங்க’ என்றால், ‘கிமர் அ ஹா ஷீவ்’. நீ, நீங்க வித்தியாசம் அங்கேயும் உண்டு! விளி வேற்றுமையும் உண்டு. நாம் கடைசி எழுத்தை மாற்றி ‘கண்ணன், கண்ணா’ என்போம். அவர்கள் முதல் எழுத்தையே மாற்றுவார்கள். மாரி என்ற பெண்ணை ‘அ வாரி’ என்று கூப்பிடுவார்கள். ஷேமஸ் என்பவரைக் கூப்பிட்டால் ‘அ ஹேமிஷ்’. இதைக் கேட்டுத்தான் ஆங்கிலத்தில் ‘ஹேமிஷ்’ என்று தனிப் பெயரே வந்தது.

உங்களுக்கு ஒரு கேள்வி: ‘பாட்ரிக்’ என்ற பையனை எப்படிக் கூப்பிடுவார்கள்?

(விடை: அ ஃபாட்ரிக்)