இனப்பெருக்கக் கூண்டில் ஃபிஞ்ச் சண்டை: காரணங்களும் தீர்வுகளும்

ஃபிஞ்ச்கள் சாதுவானவை என்று பெயரெடுத்த பறவைகள். ஆனால் முட்டை வைக்கும் பருவம் வந்ததும், அதுவரை அமைதியாக இருந்த கூண்டிலும் துரத்தலும் இறகு பிடுங்கலும் தொடங்கிவிடும். இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை கூடு, துணை, தீனி என்ற மூன்றில் ஒன்றுக்காக நடப்பவை. எதற்காகச் சண்டை என்று பார்க்காமல் முரட்டுப் பறவையை மட்டும் வெளியேற்றினால், சில நாள்களில் இன்னொரு பறவை அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும்.

எது சண்டை?

ஆண் பாடிக்கொண்டே பெண்ணைப் பின்தொடர்வதும், கூட்டருகே வந்த பறவையைச் சிறிது தூரம் விரட்டிவிட்டுத் திரும்புவதும் இயல்பானவை. ஒரே பறவையைக் கூண்டு முழுக்கத் துரத்துவதும், வாலைப் பிடித்து இழுப்பதும், தீனித் தட்டில் இறங்கவிடாமல் தடுப்பதும் ஆபத்தானவை. அடிபடும் பறவை பெரும்பாலும் தரையின் மூலையில் உடலை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உச்சந்தலையிலும் பிடரியிலும் இறகு போயிருக்கும். இவ்வளவு சிறிய பறவைகளுக்குப் பட்டினி தாங்காது. காயத்தைவிடத் தீனி கிடைக்காமையே பல நேரங்களில் அவற்றைக் கொல்கிறது.

தரையில் விழுந்து கிடக்கும் குஞ்சுகளெல்லாம் சண்டையில் விழுந்தவை அல்ல. கார்டன் புளூ போன்ற ஆப்பிரிக்க இனங்கள், குஞ்சுகளுக்கு ஊட்டப் போதிய பூச்சி கிடைக்காவிட்டால் தாமே அவற்றைக் கூட்டிலிருந்து வெளியே எறிந்துவிடும். அங்கே தேவை உயிருள்ள புழுத் தீனி.

எந்த இனத்தோடு எந்த இனம்?

பெங்காலி ஃபிஞ்ச் மிகவும் சாது. பல பறவைகள் ஒரே கூட்டில் நெருக்கியடித்துப் படுப்பதால் முட்டைகள் உடைவதுதான் அதில் வரும் தொல்லை. ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபிஞ்ச் கூட்டமாக வாழ்ந்து முட்டை வைக்கும் இயல்புடையது. ஆனால் பிறர் கூட்டில் புகுந்து, அங்குள்ள முட்டைகளின்மேலேயே புல்லை அடுக்கிப் புதுக் கூடு கட்டிவிடும். ஜாவா குருவி உடலிலும் அலகிலும் பெரியது என்பதால், கார்டன் புளூ போன்ற சிற்றினங்களோடு அதைச் சேர்ப்பது நல்லதல்ல. கியூபன் ஃபிஞ்சும் கிரிம்சன் ஃபிஞ்சும் சண்டைக்குப் பெயர்போனவை. ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடிக்கு மேல் வைக்கக்கூடாது.

தன் இனத்தையும், தன் நிறத்தை ஒத்த வேற்றினத்தையுமே ஆண் பறவை முதலில் போட்டியாகக் கருதும். நீல நிற இனங்கள் இரண்டையோ சிவப்பு நிற இனங்கள் இரண்டையோ ஒரே கூண்டில் தவிர்ப்பது இதனால்தான். ஓரினத்துக்குள்ளும் நிறம் பேசுகிறது. கோல்டியன் ஃபிஞ்சில் சிவப்புத் தலையுடையவை கருந்தலையுடையவற்றை அடக்கி ஆள்கின்றன. ஜீப்ரா ஃபிஞ்சில் ஆண்களின் காலில் இடும் வளையத்தின் நிறமும் பெண்ணின் தேர்வைப் பாதிக்கிறது என்று ஆய்வாளர் நான்சி பர்லி 1980களில் ஆய்ந்து எழுதினார். பின்னர் வந்த ஆய்வுகள் சிலவற்றில் இம்முடிவு உறுதிப்படவில்லை. ஆயினும் எல்லா ஆண்களுக்கும் ஒரே நிற வளையம் இடுவதில் நட்டம் ஏதுமில்லை.

எண்ணிக்கை

ஓரினத்தில் இரண்டு ஜோடிகள் மட்டும் இருந்தால், வலிய ஜோடியின் கோபம் முழுவதும் மற்ற ஜோடியின்மேல் விழும். ஒரு ஜோடி, இல்லையேல் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஜோடிகள் என்பது வளர்ப்போரிடையே நிலைத்த வழக்கம். ஜோடியில்லாத ஆண் பிறர் துணையைத் தேடிக் கூடு கூடாகச் சுற்றும். அதை வேறு கூண்டுக்கு மாற்றியதுமே பல கூண்டுகள் அடங்கிவிடுகின்றன. எல்லா ஜோடிகளையும் ஒரே நாளில் இறக்க வேண்டும். முன்னரே இடம் பிடித்த பறவைகளுக்கு நடுவே, அதுவும் அவை அடைகாக்கும்போது, புதிய பறவையை விடக்கூடாது.

கூடும் கூட்டுப் பொருளும்

ஜோடிக்கு இரண்டு கூடுகள் வீதம் தர வேண்டும். ஃபிஞ்ச்கள் உயரமான கூட்டையே விரும்புவதால், ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் தொங்கவிட்டால் மேல் கூட்டுக்கே எல்லாம் மோதும். கூடுகள் ஒரே உயரத்தில், ஒன்றையொன்று பாராமல், தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். இடையே இலைக்கொத்துகளைக் கட்டினால் துரத்தப்படும் பறவைக்கு மறைவிடமும் கிடைக்கும்.

கூடு வேயப் பொருள் போதாதபோது ஜீப்ரா ஃபிஞ்ச்கள் அடுத்த பறவையின் இறகைப் பிடுங்கும். அடுத்த ஈட்டுக்கு அவசரப்படும் பெற்றோர் தம் குஞ்சுகளின் இறகையே பிடுங்குவதும் உண்டு. காய்ந்த புல், துண்டாக வெட்டிய தேங்காய் நார், மென்மையான வெள்ளை இறகு ஆகியவற்றைத் தாராளமாகப் போட்டால் இது பெரிதும் குறையும். நீண்ட நூலும் பஞ்சும் காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால் கூடாது. அடைகாக்கத் தொடங்கியபின் பொருளை நிறுத்திவிட்டால், முட்டைமேல் கூடு கட்டும் பழக்கமும் குறையும்.

தீனி

தினையும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு பறவையே அவற்றைக் காவல் காக்க முடியும். இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைத்தால் அதற்குக் கை எட்டாது. முட்டை கலந்த தீனியும் முளைகட்டிய தானியமும் குஞ்சு வளர்க்கத் தேவை. அவையே இனப்பெருக்க வேகத்தைத் தூண்டி, அதன்வழி சண்டையையும் கூட்டும். ஓய்வுக் காலத்தில் கூடுகளை எடுத்துவிட்டு வெறும் தானியத்துக்கு மாற்றினால் கூண்டு அமைதியடையும்.

இளங்குஞ்சுகளும் முரட்டுப் பறவையும்

ஜீப்ரா ஃபிஞ்சுக் குஞ்சுகள் ஏறத்தாழ 3 வாரத்தில் கூட்டைவிட்டு இறங்கி, 5 வாரத்தில் தாமாகத் தின்னும். அலகின் கருமை மாறி ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கினால் தந்தை மகனைப் போட்டியாளனாகப் பார்க்கும். தாமாகத் தின்கின்றன என்பது உறுதியானதும் அவற்றைத் தனிக் கூண்டுக்கு மாற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஒரே பறவை தொடர்ந்து தாக்கினால், எடுக்க வேண்டியது தாக்கும் பறவையை. அடிபட்டதை எடுத்தால் தாக்குதல் அடுத்த பறவைக்கு மாறும். காயம்பட்டிருந்தால் மட்டும் அதையும் பிரித்து, கதகதப்பான சிறு கூண்டில் வைத்துத் தேற்ற வேண்டும். முரட்டுப் பறவையை ஓரிரு வாரம் பிரித்து வைத்து, உட்காரும் குச்சிகளின் இடங்களை மாற்றிவிட்டுத் திரும்ப விட்டால், பழைய எல்லை குலைந்து அது பெரும்பாலும் அடங்கும். அப்போதும் அடங்காத பறவையைத் துணையோடு தனிக் கூண்டில் முட்டை வைக்க விடுவதே ஏற்றது.