காப்பிரி என்னும் சொல்

சுருண்ட முடியுடைய தோழி ஒருத்தியை நாங்கள் "காப்பிரி" என்று கேலி செய்வதுண்டு. அச்சொல் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. வரலாற்றுப் பாடத்திற்காகத் தேடியபோதுதான், கனகசெட்டிக்குளத்தில் எங்கள் வீடுகளுக்குக் கிழக்கே தெரியும் இதே கடல் வழியாக வந்த சொல் அது என்று அறிந்தோம்.

"காஃபிர்" என்பது அரபுச் சொல். இறைவனை ஏற்காதவர் என்பது அதன் பொருள். போர்த்துக்கீசியர் அதை ஆப்பிரிக்க மக்களுக்குப் பெயராக்கினர். 18ஆம் நூற்றாண்டில் புதுவையிலிருந்த பிரெஞ்சுப் படையிலும் காப்பிரிகள் இருந்தனர். மடகாஸ்கரிலும் மொசாம்பிக்கிலும் விலைக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்கர்களைப் பிரெஞ்சுக்காரர், இன்று மொரீசியசு, ரெயூனியன் எனப்படும் தீவுகளில் அடிமைகளாக வைத்திருந்தனர். காப்பித் தோட்டங்களிலும், பிற்காலத்தில் கரும்புத் தோட்டங்களிலும் அவர்கள் உழைத்தனர்.

அத்தீவுகளுக்கென 1723ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசர் பெயரால் ஒரு சட்டம் வந்தது. அடிமைகள் அனைவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வாங்கக் கூடாது என்று அது கூறிற்று. அதே சட்டம் அவர்களை மேசை நாற்காலி போன்ற அசையும் சொத்து என்றும் கூறிற்று! ஒரு மாதம் தப்பியோடியிருந்தவனுக்குக் காதுகளை அறுத்து, தோளில் லீலி மலர் முத்திரையைக் காய்ச்சிச் சுடுவர். மூன்றாம் முறை ஓடினால் மரண தண்டனை. ஞானஸ்நானம் பெற்ற ஒருவரை எப்படி விற்க முடிந்தது? இதைப் படித்த அன்று அந்தத் தோழியின் முகத்தை நேராகப் பார்க்க எங்களுக்குக் கூசியது.

அடிமைகளானவர் ஆப்பிரிக்கர் மட்டுமல்லர். புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1743இல் நடந்ததை எழுதியுள்ளார். ஏமாற்றிப் பிடிக்கப்பட்ட நம்மவர் அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் அடைக்கப்பட்டனர். தலையை மழித்து, காலில் விலங்கிட்டு, பின்னர் கப்பலேற்றினர். அரியாங்குப்பத்திற்கு நாம் எத்தனை முறை பேருந்தில் போயிருக்கிறோம்!

1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் ரெயூனியன் தீவில் 60,000க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! புதுவையிலும் காரைக்காலிலும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். அடிமைகள் இருந்த குடியிருப்புகளே அவர்களில் பலருக்கு உறைவிடமாயின.

டிசம்பர் 20 இன்று அத்தீவில் விடுமுறை நாள். ஆப்பிரிக்க வழியினரை அங்கு "காஃப்" என்கின்றனர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவருக்கு அங்கு வழங்கும் பெயர் "மலபார்".