பொருளாதார மந்தமும் மூன்று கேள்விகளும்

2020ஆம் ஆண்டில் நான் ஐந்தாம் படிவ மாணவன். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் பங்சார் கடைத்தெருவே அடங்கிப் போனது. அங்கே ஓர் உணவுக்கடையில் வேலை செய்த என் அம்மாவுக்கு, அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் வேலைதான் கிடைத்தது.

மே மாதக் கணக்கின்படி வேலையின்மை 5.3 விழுக்காடு, வேலையில்லாதோர் 826,100 பேர் என்று செய்தியில் சொன்னார்கள். “அந்தக் கணக்குல நானும் இருக்கேனாப்பா?” என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நண்பர்களே, மந்தக் காலத்தில் வரும் எந்தப் புள்ளிவிவரத்தையும் மூன்று கேள்விகளோடு அணுகலாம்.

1. யாரை எண்ணினார்கள்?

கணக்கெடுப்பு வாரத்தில் கூலிக்காக ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர், ‘வேலையில் இருப்பவர்’ ஆகிறார். இது ஏமாற்று வேலை அன்று. பல நாடுகள் பின்பற்றும் அனைத்துலக வரையறை. 30 மணி நேரத்திற்கும் குறைவாக வேலை செய்து, கூடுதல் வேலைக்குத் தயாராக இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆனால், தலைப்புச் செய்தியில் அது இடம்பெறுவது அரிது.

2. எதனோடு ஒப்பிட்டார்கள்?

2020 இரண்டாம் காலாண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தி 17.1 விழுக்காடு சரிந்ததாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அதே காலாண்டில் 16.1 விழுக்காடு வளர்ச்சி! ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிட்டோமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வெள்ளி 17.1 விழுக்காடு குறைந்தால் 82.90 வெள்ளி. அந்த 82.90 வெள்ளிக்குத்தான் 16.1 விழுக்காடு கூடுகிறது. கிடைப்பது ஏறத்தாழ 96.20 வெள்ளி. இரண்டு ஆண்டுகள் கடந்தும் புறப்பட்ட இடத்தை எட்டவில்லை. அதுமட்டுமன்று, 2021இன் முதல் காலாண்டோடு ஒப்பிட்டால், அந்த இரண்டாம் காலாண்டில் உற்பத்தி 2 விழுக்காடு இறங்கியிருந்தது. ஒரே காலாண்டு ஓர் ஒப்பீட்டில் ஏற்றம், மற்றோர் ஒப்பீட்டில் இறக்கம்!

3. யாருடைய வருமானம்?

தமிழ்ப்பள்ளியில் சராசரி காணக் கற்றோம். ஆனால், சில பெரிய வருமானங்கள் சராசரியை மேலே இழுத்துவிடும். எனவே நடுவெண்ணையும் பார்க்க வேண்டும். குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே அது. 2020இல் மாதச் சராசரிக் குடும்ப வருமானம் 7,089 வெள்ளி; நடுவெண்ணோ 5,209 வெள்ளி. 2019இல் அந்த நடுவெண் 5,873 வெள்ளியாக இருந்தது. அதாவது, நடுவில் நின்ற குடும்பத்திற்கு மாதம் 664 வெள்ளி, ஏறக்குறைய 11 விழுக்காடு, குறைந்துள்ளது. அவ்வாண்டு நாட்டின் உற்பத்தி குறைந்ததாக அறிவிக்கப்பட்டதோ 5.6 விழுக்காடு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள்தாம். ஆயினும், ஒன்றை மட்டும் படித்தவருக்கு வீட்டு நிலைமை தெரிந்திருக்காது.

பொருளியல் படித்தபின் அம்மாவுக்குப் பதில் சொன்னேன். “நீங்க அந்தக் கணக்குல இல்லம்மா. உங்களுக்கு வேலை இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க.”

“வேலை இருந்துச்சு, சரி. சம்பளம்?” என்றார்.

அவர் பொருளியல் படித்தவர் அல்லர். ஆனாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டுவிட்டார். அடுத்த முறை விழுக்காட்டுச் செய்தி வரும்போது, நம் வீட்டில் உள்ளவர்களுக்கு அதை விளக்கிச் சொல்வோம். படித்த படிப்புக்கு அதுவும் ஒரு பயன்தானே!