தொழுகையும் துலாக்கோலும்

சமய நம்பிக்கை வழிபாட்டு நேரத்தோடு முடிவதா, அன்றாட வாழ்வு முழுவதையும் ஆள்வதா? இவ்வினாவிற்கு விடை காண, திருக்குர்ஆனின் 11ஆம் அத்தியாயமாகிய 'ஹூத்' காட்டும் நபி ஷுஐப் (அலை) அவர்களின் வரலாற்றை நோக்குவோம்.

மத்யன் மக்கள் அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்துவந்தனர். ஷுஐப் நபியவர்கள், இறைவன் ஒருவனையே வணங்குமாறு கூறியதை அடுத்தே, அளவையை நிறைவாக்குமாறும் அறிவுறுத்தினார்கள். அம்மக்களோ, தம் பொருளைத் தம் விருப்பப்படி கையாள்வதற்கும் அவர்களது தொழுகைக்கும் என்ன தொடர்பு என எள்ளினர். எள்ளலாக எழுந்த அவ்வினா இன்றும் ஓயவில்லை. பள்ளிவாசலில் பணிந்த தலை கடையில் நிமிர்ந்து பொய்யுரைக்குமாயின், நாமும் அதே வினாவையே செயலால் எழுப்புகிறோம்.

அளவில் குறைப்போரின் பெயராலேயே அமைந்த 83ஆம் அத்தியாயம், தமக்கு நிறைவாக அளந்து வாங்கிப் பிறர்க்குக் குறைத்து அளப்போரை எச்சரித்துத் தொடங்குகின்றது. இவ்வறம் தமிழ் மரபிற்கும் அயலன்று. கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் போற்றியுள்ளார்.

துலாக்கோல் வணிகர் கையில் மட்டும் இல்லை. ஊதியத்தை முழுமையாகப் பெற்றுப் பாடத்தைக் குறைக்கும் ஆசிரியரும், பிறர் விடையைப் பார்த்தெழுதி மதிப்பெண் கொள்ளும் மாணவரும் அளவில் குறைப்பவரே. வாங்குவோர் கண்ணுக்கும் அரசின் சோதனைக்கும் தப்பிய குறையைத் தடுப்பது எது? இறைவன் காண்கிறான் என்னும் உணர்வே. ஈமான் நம் அன்றாட வாழ்விற்கு நல்கும் பெரும்பயன் அதுவேயாகும். அதனைத் தொழுகையில் பெறுவோம், துலாக்கோலில் காட்டுவோம்.