மலையைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பாருங்கள்

புதுச்சேரியிலிருந்து சேலத்துக்கு நேர்கோட்டில் பறந்தால் திருவண்ணாமலை வலப்பக்கம் தள்ளி நின்றுவிடும். ஆனாலும் மலையை ஒட்டிப் போகிற மாதிரிதான் என் பயணத் திட்டத்தைப் போடுவேன். ஏழெட்டு நாட்டிகல் மைல் கூடும். பிறந்த ஊர் என்ற பாசம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எரிபொருள். சமவெளியில் 814 மீட்டருக்குத் தனியாக எழுந்து நிற்கும் மலையைவிடத் தெளிவான அடையாளம் இந்தப் பாதையில் கிடையாது.

புதுச்சேரியிலிருந்து மலை 46 நாட்டிகல் மைல். செஸ்னா 172எஸ், 110 நாட் வேகத்தில் 25 நிமிடத்தில் அங்கே வந்துவிட வேண்டும். ஆடி மாதத்தில் வராது. 32, 33 நிமிடம் ஆகிறதென்றால் மேலைக்காற்று 25 நாட் வேகத்தில் எதிர்த்து அடிக்கிறது என்று அர்த்தம். சேலத்துக்கு மிச்சமிருக்கும் 65 மைலிலும் அதே காற்றுதான் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 18 நிமிடம் கூடுதல். மணிக்கு 35 லிட்டர் குடிக்கும் இயந்திரத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல். சாத்தனூர் அணை கண்ணில் படுவதற்குள் இந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும். புதிதாகப் பறக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எரிபொருளை லிட்டராக நினைக்காதீர்கள், நிமிடமாக நினையுங்கள். பகலில் கண்பார்வையை நம்பிப் பறப்பதற்கு 30 நிமிடக் கையிருப்பு போதும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. நான் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து வைப்பதில்லை.

ஆனால் புறப்படும்போது தொட்டியில் எவ்வளவு இருந்தது என்பது தவறென்றால், மேலே போடும் கணக்கெல்லாம் வீண்.

“அண்ணே, நேத்து சாயங்காலமே ஃபுல் பண்ணிட்டேன்” என்பார் ஹேங்கர் தம்பி. “சரி தம்பி, அந்த ஏணியக் கொஞ்சம் கொண்டா” என்பேன். அவர் சொல்லில் எனக்குச் சந்தேகமில்லை. இரவில் மூடி வழியே கசிந்திருக்கலாம். சரிவில் நின்றிருந்தால் ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்கு ஓடியிருக்கலாம். முள்ளையும் நம்ப முடியாது. சின்ன விமானங்களின் எரிபொருள் முள் ஒரு குத்துமதிப்புதான். மூடியைத் திறந்து, அளவுகுச்சியை விட்டு, ஈரம் ஏறிய கோட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான்கு பேர் ஏறினால் 172எஸ்ஸில் முழுத் தொட்டி நிரப்ப எடை இடம் கொடுக்காது. நூறு லிட்டர் பெட்ரோல் 72 கிலோ. தொட்டி வாய்க்குள் எட்டிப் பார்த்தால் சின்ன உலோகத் தகடு ஒன்று தெரியும். அதன் மட்டம் வரை இரண்டு பக்கமும் நிரப்பினால் பயன்படுத்தக்கூடியது 132 லிட்டர். முழுதாக நிரப்பினாலும் 212 லிட்டரில் 200தான் இயந்திரத்துக்குப் போய்ச் சேரும். கணக்கை அந்த 200-ஐ வைத்தே போட வேண்டும்.

அலகையும் பாருங்கள். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லியில் கைவிடப்பட்டிருந்த ஓடுபாதையில் சறுக்கி இறங்கியது. 22,300 கிலோ தேவைப்பட்ட இடத்தில் 22,300 பவுண்டு என்று கணக்கிட்டு நிரப்பியிருந்தார்கள்.

அடுத்தது வடித்துப் பார்ப்பது. 172எஸ்ஸில் 13 இடங்களில் வடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாதித் தொட்டியோடு இரவெல்லாம் நின்ற விமானத்தில் தண்ணீர் கோத்திருக்கும். பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் கோப்பையின் அடியில் கண்ணாடிக் குண்டு போல உருண்டு நிற்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு: கோப்பை முழுக்கத் தண்ணீரே வந்தால் பிரிகோடு தெரியாது, சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். அதனால் வெள்ளைப் பின்னணியில் பிடித்து நீல நிறத்தைத் தேடுங்கள், முகர்ந்து பாருங்கள். 100எல்எல் பெட்ரோல் நீலம். வைக்கோல் நிறமாக இருந்தால் ஜெட் எரிபொருள் கலந்திருக்கலாம். ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டால் பெட்ரோல் தடமின்றி ஆவியாகும். ஜெட் எரிபொருள் எண்ணெய் வளையம் விட்டுப் போகும். டீசல் இயந்திரம் வைத்த சின்ன விமானங்களும் இப்போது பக்கத்திலேயே நிற்பதால் இந்தச் சோதனையை நான் விடுவதே இல்லை.

இடது இறக்கையின் அடியில், தாங்குகம்பிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாயைக் குனிந்து பாருங்கள். நம் ஊர்க் குளவிக்கு அந்தத் துளை மிகவும் பிடிக்கும். மண்ணை அப்பிவிட்டால் தொட்டிக்குள் காற்று போகாது, பெட்ரோல் இறங்குவது குறையும்.

இறங்கும் ஊரில் பெட்ரோல் இருக்கிறதா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேளுங்கள். பயணிகள் விமானங்கள் வந்துபோகும் இடத்தில் ஜெட் எரிபொருள் இருக்கும்; நமக்கு வேண்டியது இருக்காது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் இந்தப் பெட்ரோலை இங்கேயே தயாரித்து வெளியிட்டது, அதுவரை இறக்குமதிதான். இல்லையென்று பதில் வந்தால், திரும்பி வருவதற்கும் சேர்த்தே இங்கிருந்து நிரப்ப வேண்டும், ஆளைக் குறைக்க வேண்டும்.

இறங்கி இயந்திரத்தை அணைத்த பிறகும் ஒருமுறை குச்சியை விடுங்கள். எத்தனை நிமிடத்தில் எத்தனை லிட்டர் குறைந்தது என்று நோட்டில் எழுதுங்கள். புதிய இயந்திரத்துக்குத் தயாரிப்பாளர் போட்ட எண் கையேட்டில் இருக்கும். உங்கள் விமானம் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்பது அந்த நோட்டில்தான் இருக்கும்.