காற்றும் வெயிலும் தரும் வேலை

கிராமத்துக்கு அருகே காற்றாலையோ சூரிய மின் நிலையமோ வருகிறதென்றால், கிராம சபையில் முதலில் எழும் வினா, "எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்?" என்பதே. நியாயமான வினாதான். ஆயின் அதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணாக இருக்கிறது. அந்த எண் எவ்வகை வேலையைக் குறிக்கிறது, எத்தனை மாதம் நீடிக்கும், எந்த ஊரில் நடைபெறும் என்பவற்றைப் பிரித்துக் கேட்போர் சிலரே. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அவ்வாறு பிரித்துக் கேட்பது ஏன் அவசியம் என்பதை இங்கு ஆராய்வோம்.

மின்சக்தி சார்ந்த வேலைகள் நான்கு வகைப்படும். யந்திரத்தையும் தகட்டையும் உற்பத்தி செய்தல், அவற்றைக் கொணர்ந்து நிறுவுதல், நிறுவியபின் பராமரித்தல் ஆகிய மூன்றும் யாவரும் அறிந்தவை. அம்மின்சாரத்தைக் கொண்டு இயங்கும் ஆலைகளில் கிடைக்கும் வேலை நான்காவது. இதனைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் 2016ஆம் ஆண்டில் அமைந்தது. சுமார் 2,500 ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 25 லட்சம் தகடுகள் பொருத்தப்பட்டன. எட்டே மாதங்களில் நிறைவெய்திய இப்பணியில் சுமார் 8,500 பேர் உழைத்தனர். இரும்புக் கால் நடுவோரும், சட்டம் பூட்டுவோரும், கம்பி பதிக்கப் பள்ளம் தோண்டுவோருமாகக் கூட்டம் நிறைந்திருந்த அவ்விடத்தில், வேலை முடிந்தபின் தகடுகளின்மேல் படியும் புழுதியைத் துடைப்பதற்கும் தானியங்கிக் கருவிகளே அமைந்தன. குடிநீருக்கே தவிக்கும் அச்சீமையில் தண்ணீரை வாரி இறைக்காமல் தகடு துடைப்பது நல்ல ஏற்பாடே; அதில் குறை காண்பதற்கில்லை. எனினும் கட்டும்போது இருந்த வேலையின் மிகச் சிறு பகுதியே பின்னர் நிற்கும் என்பதை இதனால் அறியலாம்.

இதற்குக் காரணம் வெளிப்படையானது. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி வெட்ட வேண்டும், சுமக்க வேண்டும், எரிக்க வேண்டும், சாம்பலை அகற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள் தேவை. வெயிலையும் காற்றையும் எவரும் வெட்டிச் சுமப்பதில்லை. எரிபொருள் வேண்டாத தன்மையே இம்மின்சாரத்தின் மலிவுக்குக் காரணம்; வேலை குறைவதற்கும் அதுவே காரணம்.

காற்றாலைகளில் நிலைமை சற்று வேறு. 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடி அருகே 55 கிலோவாட் யந்திரங்களுடன் தொடங்கிய முயற்சி, பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலிலும், கயத்தாற்றிலும், உடுமலை, பல்லடம் பக்கங்களிலும் பரவியது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றே இவற்றின் மகசூல் காலம். அறுவடை நாளில் மாடு படுத்துவிட்டால் உழவர் படும் பாட்டை, ஆடி மாதத்தில் யந்திரம் நின்றால் உரிமையாளர் படுகிறார். ஆதலின் பற்சக்கரப் பெட்டிக்கு எண்ணெய் மாற்றுதல், தடையைச் சோதித்தல், இறகின் வெடிப்பை அடைத்தல் முதலியவற்றை அதற்கு முன்னரே முடித்தாக வேண்டும். கோபுரத்தின் உச்சிவரை ஏறிச் செய்யும் இவ்வேலை ஆண்டுதோறும் உள்ளது. ஆனால் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியோ பொருத்துநர் பணியோ பயின்ற இளைஞருக்கே அது கிட்டும். யந்திரம் வந்திறங்கிய பின்னர்ப் பயிற்சியைப் பற்றி யோசிக்கும் ஊரில், காவற்காரர் வேலையே மிஞ்சும்.

இனி நான்காவது வகைக்கு வருவோம். நூற்பாலையின் செலவுகளில் பஞ்சுக்கு அடுத்தபடியான பெருஞ்செலவுகளுள் மின்கட்டணமும் ஒன்று. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பகுதி ஆலைகள் 1990களிலிருந்து சொந்தக் காற்றாலைகளை நிறுவி, தொலைவில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின் வாரியத்தின் கம்பி வழியே தங்கள் ஆலைக்குப் பெற்றன. கம்பியைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் உண்டு. காற்று மிகுந்த மாதங்களில் எஞ்சும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வைத்து, பிற மாதங்களில் எடுத்துக்கொள்ளவும் அனுமதி தரப்பட்டது. குதிரில் நெல்லைக் கொட்டி வைத்துக் கோடையில் அளந்தெடுப்பது போன்ற ஏற்பாடு இது. 2008ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் மாநிலத்தை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் சொந்தக் காற்றாலையின் அருமையை ஆலைகள் நன்குணர்ந்தன. ஆலை வண்டியேறி வேலைக்குச் செல்லும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் தம் கூலிக்கும் முப்பந்தல் காற்றுக்கும் தொடர்புண்டு என்று எண்ணியிருக்க மாட்டார்கள். காற்றாலையின் கீழே நிற்பவரை மட்டும் எண்ணினால் இவர்கள் விடுபட்டுப் போவர்.

உற்பத்தி வேலை சர்க்காரின் கொள்கையைப் பொறுத்தே வளர்கிறது. நெடுங்காலம் தகடுகள் பெரும்பாலும் சீனத்திலிருந்தே வந்தன. மத்திய அரசு 2021இல் உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கத்தொகைத் திட்டத்தைக் கொணர்ந்தது. 2022 ஏப்ரல் முதல் இறக்குமதித் தகடுகள்மீது 40 சதவீதச் சுங்க வரி விதித்தது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா நிறுவனத்தின் தகட்டு ஆலையும், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் ஆலையும் இக்காலத்தில் எழுந்தவை. கங்கைகொண்டான் ஆலைக்காக 2022இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சுமார் 2,000 பேருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, வேலை எனக் கூறப்பட்டது. தகட்டைப் பரப்பும் ஊர் வேறு, தகட்டைச் செய்யும் ஊர் வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இவ்விட வேறுபாடு சுரங்க ஊர்களை இன்னும் கடுமையாகத் தாக்கும். நெய்வேலி நிறுவனமே 1,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரிய மின் நிலையங்களை அமைத்துள்ளது. அவற்றின் பெரும்பகுதி தென் ஜில்லாக்களில் உள்ளது. நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் பெருஞ்சக்கர யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்த ஜெர்மனி, நிலக்கரி மின் நிலையங்களை 2038ஆம் ஆண்டுக்குள் மூடுவதென 2020இல் சட்டம் செய்தது. அப்போதே, பழுப்பு நிலக்கரிப் பகுதிகளில் வேறு தொழில்களும் இருப்புப்பாதைகளும் ஆராய்ச்சி நிலையங்களும் ஏற்பட 4,000 கோடி யூரோ வரை ஒதுக்க வகை செய்தது. 58 வயது கடந்த தொழிலாளருக்கு ஓய்வூதியம் தொடங்கும்வரை உதவித் தொகையும் ஏற்பாடாயிற்று. மூடும் தேதியை முன்கூட்டி அறிவித்ததே இச்சட்டத்தின் சிறப்பு என்பது என் கருத்து. தேதி தெரிந்தால்தான் பதினேழு வயதுப் பையன் எத்தொழிலைக் கற்பது என முடிவு செய்ய முடியும்.

பஞ்சாயத்தே உரிமையாளராவதும் உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்து, 2006ஆம் ஆண்டில் சேமிப்புடன் வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலை அருகே மைவாடியில் வாங்கியது. தன் தேவைக்குப் போக எஞ்சியதை மின் வாரியத்துக்கு விற்றது. எல்லாப் பஞ்சாயத்துக்கும் இது இயலாது. 2019இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்தில், தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையுள்ள சூரிய மின் நிலையம் அமைக்க விவசாயிகளுடன் பஞ்சாயத்துக்களும் தகுதியுடையவையாகச் சேர்க்கப்பட்டன.

மற்றப் பஞ்சாயத்துக்களுக்கும் இப்போது ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. பழைய சிறு காற்றாலைகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றைப் புதுப்பிப்பதற்கான கொள்கையை மாநில அரசு 2024இல் வெளியிட்டது. 250 கிலோவாட் யந்திரங்கள் எட்டு நின்ற இடத்தில் 2 மெகாவாட் யந்திரம் ஒன்று நின்றால் போதும். பராமரிப்பு ஆட்களும் அதற்கேற்பக் குறைவர். முதன்முறை வந்தபோது நிலங்கள் பெரும்பாலும் கிரயமாகவே கைமாறின. இம்முறை நிலம் கொடுப்போர் தனித்தனியே கையொப்பமிடுமுன் கிராம சபையில் கூடிப் பேசுதல் நலம். குத்தகையா, கிரயமா, குத்தகையாயின் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகை உயரும், கோபுரங்களுக்கு இடையே ஆடு மேய்க்கலாமா, மானாவாரி விதைக்கலாமா, நீண்ட இறகுகளை ஏற்றிவரும் வண்டிகளால் சிதையும் பாதையையும் ஓடைக் கரையையும் யார் சீர்செய்வது, பராமரிப்புக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேரை, எந்தப் பயிற்சி நிலையத்தில், யார் செலவில் பயில வைப்பது என்பவை எல்லாம் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். யந்திரத்தை அகற்றும் நாளில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் கான்கிரீட் அடித்தளத்தைப் பெயர்த்தெடுத்து, நிலத்தை உழவுக்குத் திருப்பித் தருவது யார் பொறுப்பு என்பதையும் அப்பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.