போதையில் சிக்கிய பிள்ளைகளிடம் பேசப் போகிறவர்களுக்கு

தம்பிகளே, தங்கச்சிகளே,

சமூகப்பணி படித்துவிட்டுப் போடிநாயக்கனூர்ப் பக்கம் கவுன்சிலிங் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பாடத்தில் படித்தது கைவசம் இருக்கட்டும். இங்கே ஊருக்குள்ளும், முந்தல், குரங்கணி அடிவாரத்திலும், போடிமெட்டு தாண்டிய ஏலத்தோட்டங்களிலும் உங்களுக்குக் கைகொடுக்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதல் நாளே "விட்டுடு" என்று சொல்லாதீர்கள். அப்பா சொல்லியாயிற்று, வாத்தியார் சொல்லியாயிற்று, போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லியிருப்பார்கள். ஏன் விடவேண்டும் என்பது வந்தவன் வாயிலிருந்தே வரவேண்டும். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் குடிநோயாளிகளுக்காக 1983-ல் எழுதிவைத்த வழி இது. நாம் வாதாடினால் அவன் குடிக்கு வக்காலத்து வாங்குவான். "அதுல உனக்குப் பிடிச்சது என்ன?" என்று கேளுங்கள், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிடிக்காதது?" என்று கேளுங்கள். மறுபடி வருவானா என்பது ஒன்றுதான் முதல் நாள் கணக்கு.

2. தோட்டத்துக்கு ஜீப் போகிற நேரத்தை விசாரியுங்கள். "விடியறதுக்குள்ள ஜீப்பு ஏறிருவேன் சார், வந்து இறங்கறப்ப இருட்டிரும்" என்பார் தாய், ஏலக்காய் எடுத்துக் கறுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். "ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல யாரு?" என்றால், "பூட்டித்தான் கெடக்கும், சாவி பக்கத்து வீட்ல" என்பார். அந்தப் பூட்டிய வீட்டு நேரத்தை நோட்டில் குறியுங்கள். பெரும்பாலும் பழக்கம் அங்கேதான் வளர்ந்திருக்கும். அந்த நேரத்தை டியூஷனோ, கபடியோ, சித்தி வீடோ எதைக் கொண்டு நிரப்பலாம் என்று அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் பெற்றோரை ஆபீசுக்கு வரச் சொன்னால் ஒருநாள் கூலி போகும். மலைக்குப் போகாத நாளைக் கேட்டு நீங்களே வீட்டுக்குப் போங்கள்.

3. என்ன போதை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "கெட்ட பழக்கம் இருக்கா?" என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். கூல் லிப்பா, ஹான்ஸா, சரக்கா, கஞ்சாப் பொட்டலமா, வலி மாத்திரையா, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனா? ஒவ்வொன்றுக்கும் ஆபத்து வேறு, வைத்தியம் வேறு. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், முகர்கிற போதைப் பழக்கம் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகம்: 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். சின்னப் பையன்தானே என்று விட்டுவிடாதீர்கள். புகையிலை ஒதுக்கிக் கீழுதடு உப்பியிருந்தால் திட்டாமல், ஈறில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

4. தினமும் குடிக்கிறவனை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி வீட்டில் அடைக்காதீர்கள். கை நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; அதற்கடுத்து ஆள் அடையாளம் தெரியாத பிதற்றல் வந்தால் உயிருக்கே ஆபத்து. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். உடம்பைப் பார்ப்பது டாக்டர் வேலை. கூடவே போய் உட்காருவது நம் வேலை.

5. தெரியாமல் மருந்து கலக்க விடாதீர்கள். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துத் தாய்மார்கள் வாங்கிவிடுகிறார்கள். அதில் டைசல்பிராம் என்ற மருந்து இருந்து, அவனும் குடித்துவிட்டால் வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். தப்பிப் பிழைத்தாலும் அம்மா போடும் சோற்றை நம்பமாட்டான்.

6. அவன் சொன்னது டீக்கடைக்குப் போகக்கூடாது. சின்ன ஊர், ஒரு வாய் திறந்தால் நீங்கள் பார்த்த பிள்ளைகள் எல்லாரும் கதவைச் சாத்திவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றாலோ, பாலியல் கொடுமை தெரியவந்தாலோ வாய்மூடி இருக்கமுடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சட்டத்தையும் தெரிந்துவையுங்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்ததற்கோ பயன்படுத்தியதற்கோ வழக்கில் சிக்கியவன் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் அவனுக்குப் பாதுகாப்பு தருகிறது. சிறுவர்களுக்குப் போதை கொடுக்கிறவனுக்கோ 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் ஏழாண்டுவரை சிறை உண்டு.

7. மாலை போடுகிற மாதத்தைப் பயன்படுத்துங்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டதும் பலர் சுத்தமாக இருப்பார்கள். "உன்னால முடியாதுன்னு சொன்னியே, இப்ப முடிஞ்சிருக்கே, எப்படி?" என்று கேளுங்கள். விடியக்காலைக் குளியல், குருசாமி, சேர்ந்து சாப்பிடும் கூட்டம் என்று அவனே சொல்வான். மாலை கழற்றிய மறுநாளுக்கு அதில் எது மிஞ்சும் என்று சபரிமலைக்குப் போகும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

8. சறுக்கினால் கோபப்படாதீர்கள். வீரபாண்டித் திருவிழா, கல்யாண வீடு, சம்பள நாள் எல்லாம் வழுக்குகிற இடங்கள். முன்கூட்டியே யாரோடு போவது, எப்போது கிளம்புவது என்று பேசிவையுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: சில வாரம் விட்டிருந்தவன் மறுபடி பழைய அளவு வலி மாத்திரையோ போதை ஊசியோ எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடலாம்.

9. மறுவாழ்வு இல்லம் என்று போர்டு போட்ட இடத்துக்கெல்லாம் அனுப்பாதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா, வீட்டார் பார்க்க விடுகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். கட்டிவைத்து அடிக்கிற இடம் எதையும் குணப்படுத்தாது. போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்களைத் தாயின் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

10. எல்லாரையும் நீங்களே காப்பாற்றிவிட முடியாது. மூத்தவர்களிடம் வாராவாரம் பேசுங்கள், ராத்திரி தூங்குங்கள். ஆனால் வேலையை விட்டுவிடாதீர்கள். அதே 2019 கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு உதவியோ சிகிச்சையோ கிடைத்திருந்தது. மீதி 37 பேரும் யாரோ ஒருவர் வீடு தேடி வரக் காத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த வீடுகளுக்கு நீங்கள்தான் போகவேண்டும்.